நடுவில் விழும் பந்து

இன்று காலை கெட்டில் கொதித்ததும் இறகுப்பந்துக் குழாயின் மூடியைத் திறந்து ஆவியில் காட்டினேன். ஈர இறகின் அந்த வாடை கிளம்பியது. நீ சொல்லித்தந்த வேலைதான். ஆவி பட்டால் இறகு சீக்கிரம் ஒடியாது. உன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இது நடக்கும். சாயாவில் வாத்து இறகு நாறுகிறது என்று உன் வீட்டுக்காரர் முனகுவார், நீ காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டாய். நீ போன பிறகு நான் மட்டையைத் தொடவில்லை. இன்றைக்குத்தான் எடுத்தேன். சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன், பிறகு குழாயை மூடிப் பையில் வைத்தேன்.

ஆடிட்டர் ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரி நீ. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் மேட்டில் ஏறி இறங்கி வளர்ந்தவள், உனக்கு மூச்சே வாங்காது. ஆரியசாலை மிளகாய்க் கடைக்காரர் மகளுக்குத் தும்மல் வரும், ஓட்டம் வராது என்று என்னைக் கேலி செய்வாய். ஆனாலும் இரட்டையர் ஆட்டத்துக்கு என்னைத்தான் ஜோடி சேர்த்துக்கொண்டாய்.

ஆபீஸ்களுக்கிடையே நடந்த அந்த அரையிறுதி நினைவிருக்கிறதா? கடைசிப் புள்ளிக்குப் பந்து உயரப் போய், நமக்குச் சரியாக நடுவில் மெதுவாக இறங்கியது. நான் உன்னைப் பார்த்தேன், நீ என்னைப் பார்த்தாய். அது அலுங்காமல் தரையில் உட்கார்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. நீயோ கேன்டீனில் பழம்பொரி தின்றுகொண்டே சட்டம் போட்டாய்.

"ஏட்டி, நீ எடுப்பேன்னு நான் நின்னேன், நான் எடுப்பேன்னு நீ நின்ன. இனிமே எடுக்கவ 'எனக்கு'ன்னு விளிக்கணும். தப்பா விளிச்சாலும் சாரமில்ல. விளிச்சவள மத்தவ குத்தம் சொல்லப்பிடாது, அவ விட்டுட்டு வந்த எடத்துல போயி நிக்கணும். கேட்டியா?"

சொல்வது சுலபம். எங்கள் வீட்டில் ஓர் அப்பளத்தைக்கூட 'எனக்கு' என்று கேட்டு வாங்கியவளில்லை நான். தம்பி கேட்பான், எனக்கு மிஞ்சியது வரும். அதனால் முதலில் என் குரல் தொண்டையைத் தாண்டவில்லை. நீ விடவில்லை. பக்கத்துக் கோர்ட்டில் ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை என்னைக் கத்தவைத்தாய். கத்திவிட்டு நான் வலையில் அடித்த பந்துகள் ஏராளம். நீ ஒன்றும் சொல்லாமல் உன் மட்டையால் என் மட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த பந்துக்குப் போய் நிற்பாய்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் நோயின் பெயரை உன் முன்னால் யாரும் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் சொல்வார் என்று நான் இருந்தேன், நான் சொல்வேன் என்று அவர் இருந்தார். கடைசியில் நீயே பெயரைச் சொன்னாய். "இது எனக்கு வந்தது. நான் எடுத்துக்கிடுதேன். நீ காலியாவுற எடத்தப் பாரு" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

நீ போய்க் கொஞ்ச நாளில் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் ஆயிற்று. இனி கடையில் உட்காரக்கூடாது என்றுவிட்டார்கள். ஆளில்லையென்றால் பக்கத்துக் கடைக்காரருக்கே விட்டுவிடுவதாக அப்பாவுக்கு எண்ணம். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் தம்பியைப் பார்த்தேன். அம்மா இருவரையும் பார்த்தாள். அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம். அது எங்கே போய் விழும் என்றும் தெரியும்.

"எனக்கு" என்றேன். கோர்ட்டில் கத்துகிற அதே சத்தம். அம்மா திடுக்கிட்டாள்.

"என்னது ஒனக்கு?" என்றார் அப்பா.

"கடை. நான் எடுத்துக்கிடுதேன்."

மறுவாரத்திலிருந்து அப்பாவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போவது, மருந்து வாங்குவது எல்லாம் தம்பி வேலையாகிவிட்டது. நான் ஆபீஸ் வேலையை விட்டேன்.

முதல் லோடிலேயே ஏமாந்தேன். வெளி மூட்டைகளை மட்டும் பிரித்துப் பார்த்து லாரியை அனுப்பிவிட்டேன். உள் மூட்டைகளில் இருந்த மிளகாயெல்லாம் ஈரம், நாலு நாளில் பூசணம் பிடித்துவிட்டது. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று சாலைக் கடைத்தெருவில் பேசினார்கள். அன்று என் மட்டையைத் தட்ட நீ இல்லை என்பது உறைத்தது. மிளகாய்த் தூசியைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் காலை நானே போய் ஷட்டரைத் தூக்கினேன். இப்போது எந்த லாரி வந்தாலும் அடி மூட்டை வரை கையை விட்டுப் பார்க்காமல் இறக்கவிடுவதில்லை. கடை நிற்கிறது. இன்னும் நன்றாக நிற்கும், நிற்கவைப்பேன்.

இன்று கோர்ட்டில் எனக்கு ஜோடியாக ஒரு ஸ்கூல் டீச்சரைப் போட்டார்கள். நம் சட்டமெல்லாம் அவளுக்குத் தெரியாது. மூன்றாவது ஆட்டத்தில் அந்தப் பந்து வந்தது. உயரப் போய், நடுவில், மெதுவாக. ஒரு கணம் என் கண் உன் பக்கம்தான் திரும்பியது. நீ எடுப்பாய் என்று நிற்க இன்னும் என் கால்களுக்கு ஆசை.

நிற்கவில்லை. 'எனக்கு' என்று கத்திக்கொண்டு ஓடினேன்.