மரை தின்றது போக

மார்ச் 4

ஆலையின் புதிய நீராவிக் குழாய்க்கு ஒப்புதல் கையெழுத்து நான் போட வேண்டும். போடவில்லை. வளைவுத் துண்டுகளில் மூவாயிரம் என்று குத்தியிருக்கிறது. அது அவை தாங்கும் அழுத்தத்தின் தர எண். அதற்கேற்ற தடித்த குழாயோடு சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம். இங்கே முடுக்கியிருப்பதோ மெல்லிய குழாய். முடுக்குவதற்காக முனையில் மரை வெட்டியதிலேயே குழாய்ச் சுவரின் தடிமனில் பாதி போய்விட்டது. மிச்சத்தைத் துரு தின்னும். மெதுவாக.

அதன் அடியில் நின்று வால்வு திருப்பப் போகிறவன் அண்ணன்.

மார்ச் 5

மேலாளர் சிரித்தார். "இரும்புலயே மூவாயிரம்னு குத்தியிருக்கும்மா. நீ பேனாவால அழிக்கப் பாக்குற."

"வளைவு தாங்கும் சார். குழாய் தாங்காது."

"மாப்பிள்ள பலசாலியா இருக்கான். மாமனார் நோஞ்சானா இருந்தா என்ன இப்போ?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன் — ஏன்?

மார்ச் 9

தண்ணீர் ஏற்றிச் சோதித்தார்கள். பச்சைத் தண்ணீர், புத்தம் புதுக் குழாய். ஒரு சொட்டு கசியவில்லை. எப்படிக் கசியும்? இருபது வயதுக்காரனை ஓடவிட்டு, எழுபதிலும் ஓடுவான் என்று எழுதிக்கொடுப்பது போல.

வாசலில் அண்ணன் பிடித்துக்கொண்டான். "ஏன்டி மானத்த வாங்குற? தங்கச்சி ஊதினா குழாய் ஒடஞ்சிருமாடான்னு கேக்குறானுங்க."

மார்ச் 10

கணக்கை மறுபடி போட்டேன். அதே விடை. தப்பாக இருக்கக் கூடாதா?

மார்ச் 13

அண்ணிக்கு ஏழாம் மாதம். கால் வீங்கிக் கிடக்கிறாள். "அவரை வேற எடத்துக்கு மாத்தச் சொல்லேன்" என்றாள். குழாயைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. என் முகமே போதுமாயிருந்தது போல.

மேலாளரிடம் கேட்டேன்.

"தாராளமா மாத்தலாம். நீயும் கொஞ்சம் விட்டுக்குடு."

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். மனுஷன் டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 14

போட்டுவிட்டேன்.

மார்ச் 20

அண்ணன் இப்போது குளிர்நீர்ப் பம்பு அறையில். "ஈ ஓட்ட வச்சிட்டியேடி" என்கிறான். அண்ணி நன்றாகத் தூங்குகிறாளாம்.

அழுத்தக் கணக்கு தெரிந்த ஒருத்தி, சொந்த அண்ணன் தலையை மட்டும் நகர்த்திவைத்தாள். இதைத்தான் படித்தேனா? சீ.

ஏப்ரல் 2

நீராவி திறந்துவிட்டாயிற்று. போகாமல் இருக்க முடியவில்லை.

அண்ணன் இடத்தில் ஒருவர். நல்ல உயரம். குழாய்க்கடியில் குனிந்து வந்து, துணியில் கை துடைத்துக்கொண்டார்.

"நீங்கதானே மேடம் அது? மொதல்ல இங்க வரவே பயந்தேன். என்னமோ தகராறுன்னாங்க. அப்புறம் நீங்களே கையெழுத்து போட்டுட்டீங்கன்னு சொன்னாங்க. கூடப் பொறந்த அண்ணன் நின்ன எடமாச்சே, சும்மாவா போட்டிருப்பீங்க?"

தலையாட்டினேன்.