ஷைனி ஸ்ப்ரே அடிக்கிறாள்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். ஹாஸ்டலில் முதல் நாள். மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் மலை, பாதி உயரம் வரை மேகம். பெட்டியைக்கூடத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் குலசேகரத்து மலைதான், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

வாங்க வேண்டியது: வாளி, கொடிக்கயிறு, பூட்டு.

ரூம்மேட் சகாய ஷைனி. கடற்கரை ஊர், கடியப்பட்டணம். அப்பாவுக்கு மீன்பிடி வள்ளம். நல்ல உயரம், பேச்சு பாட்டு மாதிரி. ஜன்னலோரக் கட்டிலை அவளாகவே எனக்கு விட்டுக்கொடுத்தாள். அதிர்ஷ்டம்.

ஜூலை 5, சனி

ஷைனியிடம் ஒரு ஸ்ப்ரே. அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்ததாம். நான் அறைக்குள் வந்தால் ஒரு அடி. கட்டிலில் உட்கார்ந்தால் இன்னொன்று.

மத்தியானம் கண்ணை மூடிக் கிடந்தேன். மழைச் சத்தம், அந்த வாசனை, உடம்பு எங்கோ மிதக்கிற மாதிரி. திடீரென்று புரிந்தது. ரப்பர் ஷீட்டு! அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். பாலை உறையவைத்துச் செய்த ஷீட்டை மழைக்காலத்தில் அடுக்களைப் புகையில்தான் உலர்த்துவோம். அடுத்த அறையில் இருக்கும் என் துணிகளிலும் அந்த மணம் ஏறிவிடும். ஊரில் எல்லோருக்கும் அதே மணம், அதனால் யாருக்கும் தெரியாது. கடற்கரைக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? அதற்குத்தான் ஸ்ப்ரே.

ஜூலை 6, ஞாயிறு

துவைத்தவை: நாலு சுடிதார், போர்வை, துண்டு, பை. ஒன்றும் காயவில்லை. முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, அதுதான் கொடுமை.

மெஸ்ஸில் புட்டும் பயறும். பின்னால் யாரோ, "இந்த மழைக்கும் நாளைக்கு லீவு இல்லியா?"

ஜூலை 7, திங்கள்

வார்டனிடம் வேறு அறை கேட்டேன். காரணம் கேட்டார். என்னவென்று சொல்வது? புதன்கிழமை வரை பார், அப்போதும் வேண்டுமென்றால் மாற்றித் தருகிறேன் என்றார்.

எனக்கு ஒரே அவமானமாக இருக்கிறது. ஷைனி வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே அல்லவா அடிக்கிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

உங்களுக்குள் என்ன தகராறு என்று வார்டன் ஷைனியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். சாயங்காலம் வந்தாள். கதவைச் சாத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்க மேல மீன் நாத்தம் அடிக்குன்னுதானே ரூம் மாறப்போற? அதுக்குத்தான் மக்கா நீ வரும்போதெல்லாம் ஸ்ப்ரே அடிச்சேன்."

பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்தினாளாம். ஜன்னலோரத்தை எனக்குத் தந்ததும் காற்று வரட்டும் என்றுதான். நானும் ரப்பர் ஷீட்டுக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நேராச் சொல்லு. எனக்க மேல அடிக்கா?"

இல்லை என்றுதான் சொல்ல வந்தேன். "அடிக்கு. கொஞ்சம். எனக்க மேல?"

"மொத நாளு நல்லா அடிச்சு. இப்பம் தெரியல்ல."

அப்புறம் சிரித்தோம், வயிறு வலிக்கும் வரை. வார்டனிடம் போய், அறை மாற வேண்டாம் என்று சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார்.

ஜூலை 12, சனி

வீட்டில். ஷைனியும் அவள் ஊருக்குப் போயிருக்கிறாள். பஸ்ஸில் பாதித் தூக்கம். கண் திறந்த போதெல்லாம் ரப்பர் மரங்கள், மழை, மறுபடியும் ரப்பர் மரங்கள்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் குப்பென்று ஒரு மணம். புகையும் புளிப்புமாக. இதென்ன, யார் வீட்டுக்குள் வந்துவிட்டேன் என்றிருந்தது. ஒரு நொடிதான். அம்மா கட்டிப்பிடித்தாள், அவள் சேலையிலும் அதே மணம். பிறந்ததிலிருந்து இதற்குள்தான் கிடந்திருக்கிறேன், இன்றைக்குத்தான் தெரிகிறது. அழுகை வந்துவிட்டது. ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டாள். பஸ் அலுப்பு என்றேன்.

எங்கள் வீட்டு மணம் இப்போது எனக்கே அடிக்கிறது என்று குளியலறையில் நின்று ஷைனிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்தது. குரல் ரொம்ப மெதுவாக.

"எனக்கும் இங்க அடிச்சு மக்கா. அம்மைட்ட எப்பிடிச் சொல்ல?"