அமத்துன சுவிட்ச்

உம்மாவுக்கு பர்வேஸோட சலாம். முட்டிவலி தேவலையா? நான் நல்லாருக்கேன், முன்பல்லு ரெண்டைத் தவிர.

வீண்விரயம் ஹராம்னு நீங்க பழக்குன கை, முந்தாநாள் வேலைக்குக் கிளம்பும்போது ரூம் ஏசியை அமத்திருச்சு. போர்வைக்குள்ள நைட் ஷிப்ட் ஆளு தூங்குனதை நான் பாக்கலை. வெக்கையில அவிஞ்சு போனவன், நான் திரும்புனதும் இரும்புக் கம்பியால வாயிலயே போட்டான். நானும் விடலை. மிச்சப் பல்லால அவன் விரலை எலும்பு நொறுங்கக் கடிச்சேன். இந்த அரபு நாட்டுல ஆளில்லாத கடைக்கெல்லாம் ஏசி ஓடிக்கிட்டே இருக்கு, அதுக்கு யாரும் யாரையும் அடிக்கலை.

மாசிமீன் பொடி அனுப்புங்க, கருவாட்டை மெல்ல ஏலாது. வேலைக்கு வண்டி வந்துருச்சு.

நான் வந்துருவேன்னு வாசல் லைட்டைப் பகல்லயும் எரிய விடுறீங்களாம், தங்கச்சி மஜீதா சொன்னா. அமத்திருங்க உம்மா. காண்ட்ராக்ட் முடியுற வரைக்கும், ரெண்டு வருசத்துக்கு நான் வர முடியாது.