கோமேசியின் இடது கை

மசாக்கா, சனிக்கிழமை

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. மார்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவள் இடது கை வீங்குகிறது, வலிக்கும் கட்டிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதற்காக, நீ எழுதியபடி, உன் நிச்சய விழாவில் அவள் உள்ளறையிலா இருப்பாள்?

நகிமுலி அத்தையும் இங்கே அதையேதான் சொன்னாள். "மாப்பிள்ளை வீட்டார் பாத்தா பயந்துடுவாங்க. நீ உள்ளயே இரு."

அம்மா சிரித்தாள். "வீங்கினது கைதான் அண்ணி, வாய் இல்ல. அவங்களை நானே வாங்கன்னு கூப்பிடுறேன்."

ஆனால் விழாவுக்கு உடுத்தும் அவளுடைய கோமேசி அங்கியின் இடது கைக்குள் வீங்கிய கை நுழையவில்லை. அதனால் என் புதுக் கோமேசியின் கையைப் பிரித்து, அவளுடையதில் ஒட்டுப்போட்டு அகலமாகத் தைத்துவிட்டேன். நிறம் பொருந்தவில்லை, பரவாயில்லை.

அம்மா முன்வரிசைப் பாயில்தான் உட்காருவாள். நீ அவளை உள்ளே அனுப்பினால், என் உடைக்கு ஏன் ஒரே கை என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்வேன்.

உன் பிடிவாதக்காரத் தங்கை