முட்டு இல்லாத குழி

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய கூட்டத்தில் அத்தான் ‘ரிஸ்க் மேனேஜ்மென்ட்’ பற்றிப் பேசித் தீர்த்தார். அக்காவைக் கட்டியதால் எனக்கு அத்தான். கம்பெனி முதலாளி என்பதால் மற்றவர்களுக்குக் கடவுள். அவர் அகராதியில் அதற்கு ஒரே பொருள்தான்: ஆபத்தைத் தூக்கி அடுத்தவன் தலையில் கட்டுவது. ஒப்பந்தம், இன்சூரன்ஸ் இரண்டையும் பார்க்கிறவள் நான். நானும் கைதட்டினேன். வயிற்றுப்பிழைப்பு.

மார்ச் 6, வியாழன்

அடித்தளத்துக்குக் குழி தோண்டும் இடத்துக்கு அத்தானோடு போனேன். எல்லையை ஒட்டி ஒரு பாட்டு டீச்சரின் பழைய செங்கல் வீடு. அந்தப் பக்க மண் சரியாமல் இரும்பு முட்டுக் கொடுத்த பிறகுதான் இன்னும் ஆழம் போகலாம். இல்லையென்றால் வீடும் நிற்காது, இன்சூரன்ஸும் கைகழுவிவிடும். முட்டு வர அடுத்த வாரம் ஆகும். சொன்னேன். அத்தான் குழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஷூவில் மண் ஒட்டிவிட்டதாம், அந்தக் கவலை. குழி கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார்.

“தோண்டுய்யா. மண்ணு கல்லு மாதிரி நிக்குது. என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்.”

கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சரிங்க என்றார். முதுகெலும்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வருவார் போலிருக்கிறது. நான் மறுபடி சொன்னேன். பேப்பரை நீ பார், மண்ணை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மழை. விடவே இல்லை.

மார்ச் 10, திங்கள்

விழுந்துவிட்டது.

டீச்சரின் சமையலறை, பின்சுவர் எல்லாம் குழிக்குள். முன்னறையில் பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் உயிர்கள் தப்பின. நான் போனபோது டீச்சர் ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். “அடுப்புல பால் வச்சிருந்தேன்” — இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தான் வந்தார், கை கூப்பினார், எல்லாம் கடவுள் செயல் என்றார். கடவுளிடம் வக்கீல் இல்லை என்ற தைரியம்.

மார்ச் 11, செவ்வாய்

கம்பெனி வக்கீல் வந்தார். ஆமாம்சாமி என்றுதான் அவரை நாங்கள் சொல்வது. அத்தானின் முகத்தைப் படித்துவிட்டுத்தான் சட்டத்தைப் படிப்பார். திட்டம் எளிது: கான்ட்ராக்டர் தன்னிஷ்டத்துக்குத் தோண்டினார். தோண்டும் வேலையின் சகல பொறுப்பும் அவருடையது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே. இருக்கிறது, ஆனால் தோண்டச் சொன்னவரை அது காப்பாற்றாது என்றேன். அதனால்தான் அத்தான் அன்று அங்கே வரவே இல்லை என்று ஆகிவிட்டது. கட்டட அதிகாரியின் விசாரணையில் அதை நானும் சொல்ல வேண்டுமாம். ஒரே ஒரு வரிதானே என்கிறார்கள்.

மார்ச் 13, வியாழன்

அக்கா போன் செய்தாள்.

“அவருக்கு நீயே முட்டுக் கொடுக்கலன்னா வேற யாருடி கொடுப்பா?”

குழிக்கு முட்டுக் கொடுக்காதவருக்கு நான் முட்டுக் கொடுக்க வேண்டும்! சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள். அத வச்சுத்தான பேசறா. சொல்லாமலே சொல்றா. நான் என்னதான் பண்றது?

மார்ச் 20, வியாழன்

விசாரணை. கான்ட்ராக்டர் மனைவியோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற அத்தான், அன்று அந்தப் பக்கமே போகவில்லை என்று கண் சிமிட்டாமல் சொன்னார். ஆமாம்சாமி தலையாட்டினார். பிறகு என்னைக் கேட்டார்கள். அக்கா முகம்தான் முன்னால் நின்றது.

“வந்தார் சார். நான் பக்கத்துல நின்னேன். முட்டு வரட்டும்னு சொன்னேன். தோண்டச் சொன்னது அவர்தான்.”

கான்ட்ராக்டரின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தான் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

வேலை போயிற்று. அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. டீச்சரின் வீட்டைக் கம்பெனி கட்டிக்கொடுக்கும் வரை அங்கே ஒரு பிடி மண்ணை எடுக்கக்கூடாது. கான்ட்ராக்டர் மேல் போட்ட பழியும் நீங்கியது. பேப்பரில் அத்தானின் பேட்டி: மனிதாபிமானத்தோடு தாங்களாகவே முன்வந்தார்களாம். பக்கத்திலேயே சிரித்த முகத்தோடு படம். தூ.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தோண்டுவதற்கு முன் பக்கத்து வீடுகளைப் பார்த்து அறிக்கை கொடுப்பதுதான் இப்போது என் தொழில். காலையில் போன் — அக்கா. இத்தனை மாதம் கழித்து! அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் யாரோ பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்களாம்.

“ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன். அவர்தான் உன்னக் கூப்பிடச் சொன்னார்.”

போனேன். அத்தான் மதிலோரம் நின்று, அந்தப் பக்கத்து முதலாளியின் வாக்கை நம்பவே முடியாது என்று அரைமணி நேரம் பொருமினார். நான் சுவர்களைப் பார்த்து முடித்தேன். அக்கா உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தேன்.