மன்னிப்புக் கேட்க மாட்டேன், பிரவீனா

அவிநாசி

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கருணாம்பிகை தயவில் நானும் உன் அப்பாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் விளக்கு வைக்கும்போது என் வேண்டுதல். ஆக்லாந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், காது மூடுகிற தொப்பி போடாமல் குட்டியைப் பள்ளிக்கு அனுப்பாதே, உனக்கும் சின்ன வயதில் முதலில் காதில்தான் சளி இறங்கும். இங்கே கோடை மழை நன்றாகவே பெய்தது. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் மாம்பழக் காலம் முடிகிற வரைக்கும் அந்த மனிதரை நம்ப முடியாது, பழக்கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பிப்பதற்குள் "விடுங்கம்மா, எதுக்கு டென்ஷன்" என்று நீ முடித்துவிடுகிறாய், அதற்குள் குட்டியும் அழ ஆரம்பித்துவிடுகிறான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

கதிர்வேல் மாமா உனக்குப் போன் செய்து அழுதான் என்றாய். ஆவணியில் அவனுக்கு மணிவிழா, அக்கா வந்து சொந்தக்காரர்கள் எதிரில் ஒரே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றானாம். "கேட்டுருங்கம்மா, இந்த வயசுல எதுக்கு வீம்பு" என்று நீயும் சொன்னாய். அவன் என் கூடப் பிறந்தவன், எனக்கு இருப்பது ஒரே தம்பி, அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். நீ பிறந்ததிலிருந்து உன்னிடம் சொல்லாததையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் இடது கை முழுதாக நீளாது என்பது உனக்குத் தெரியும், ஏன் என்று கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். பெரியநாயக்கன்பாளையத்தில் என் அப்பா நஞ்சுண்டனின் வீட்டை நீ பார்த்ததில்லை. பம்பு செட்டுக்கு வார்ப்படம் செய்கிற ஆலை, தோட்டம், வாசலில் இரண்டு அம்பாசிடர் கார், எனக்குப் பால்கூட வெள்ளி டம்ளரில்தான். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தாத்தா கண்ணை மூடியதும் ஆலை யார் கையில் என்று சண்டை வந்து, வீட்டு ஆசாரத்தின் நடுவில், நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட கூடத்தின் நடுவில், சுவர் எழுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் பெரியப்பா மகள் மயிலாத்தாள் இருந்தாள், என் வயது, என் வகுப்பு. ஒரே பள்ளிக்கு இரண்டு காரும் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும், நாங்கள் ஒருத்தியை ஒருத்தி திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆனால் பள்ளியில் டீச்சர் உயரம் பார்த்து உட்கார வைத்ததில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. அது எப்படியோ அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று பயந்தேன், அவரோ சாயங்காலமானால் என்னை மடியில் உட்கார வைத்து, "அம்மணி, அவிய ஊட்டுல இன்னைக்கு என்ன பேசிக்கிட்டாங்களாம், மயிலா ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்க ஆரம்பித்தார். சொல்ல ஏதாவது இருந்தால் மடி, இல்லையென்றால் இறக்கிவிட்டுவிடுவார். அந்தப் பக்கம் மயிலாவுக்கும் இதே கதைதான். நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்து, "எங்க ஊட்டுல பூசணிக்காப் பொரியல், மாமா வந்துட்டுப் போனாரு" என்று இந்த மாதிரி ஒன்றுக்கும் உதவாத சேதியாகப் பார்த்து ஒருத்திக்கு ஒருத்தி கொடுத்து அனுப்புவோம். என் அம்மா மத்தியானத்தில் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பெரியம்மா பாத்திரம் விளக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்கு முன்னால் அவர்கள் இருவரும் சேர்ந்துதான் விளக்குவார்கள்.

எனக்குப் பத்து வயதானபோது தோட்டத்துக் கிணற்றுப் படியில் பாசி வழுக்கி விழுந்தேன், முழங்கை ஒடிந்துவிட்டது, நெற்றியும் கிழிந்தது. மோட்டார் போட வந்த பெரியப்பாதான் பார்த்தார். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்றபடியே ரோடு வரைக்கும் ஓடினார், அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க என் ரத்தம். கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் அப்பா கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைத் தடவிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். "பெரியப்பன் தள்ளி உட்டுட்டான்னு சொல்லோணும் அம்மணி. எஸ்.ஐ. வருவாரு, அவருகிட்ட அளுதுக்கிட்டே சொல்லு" என்றார். கதிர்வேலுக்கு அப்போது ஆறு வயது, அந்த நேரத்தில் அவன் தோட்டத்துக்கே வரவில்லை, ஆனாலும் "நானும் பாத்தேன்" என்று சொல்ல அவனுக்கும் பாடம் நடந்தது. காலையிலும் சாயங்காலமும் இரண்டு பேரையும் நிறுத்தி வாய்ப்பாடு மாதிரிச் சொல்லச் சொல்வார். கதிர்வேல் தப்பில்லாமல் சொன்னால் அவனுக்கு பிஸ்கட்.

எஸ்.ஐ. வந்த அன்றைக்கு எனக்குப் பட்டுப் பாவாடை கட்டி, மாவுக்கட்டோடு ஆசாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கதிர்வேல் மூச்சு விடாமல் ஒப்பித்தான். பிறகு எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா இருமுவது கேட்டது. "நானா வழுக்கி உழுந்தேனுங்க, பெரியப்பாதான் தூக்கிட்டு ஓடுனாருங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எஸ்.ஐ. காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்பா என்னை அடிக்கவில்லை. என் காதுபடவே அம்மாவிடம், "இது எனக்குப் பொறந்ததில்ல" என்றார். அடுத்த மாதம் ஊட்டியில் ஹாஸ்டல். அம்மா மட்டும் டிரைவரோடு வந்து பார்த்துவிட்டு அழுதுகொண்டே போவாள். அப்பா வந்ததே இல்லை. என் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போதுகூட என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைத்தான் பார்த்தார். பெரியப்பா மட்டும் என்ன, போகிற கல்யாண வீட்டிலெல்லாம் "நஞ்சுண்டன் புள்ளையே அவனப் பொய்யன்னு சொல்லிப்போட்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அந்தப் புள்ளை ஹாஸ்டலில் எப்படி இருக்கிறது என்று ஒரு முறை எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்குமே நான் எதிராளி மேல் எறிகிற கல்தான். ஆனாலும் சொல்கிறேன் பிரவீனா, ஹாஸ்டலில் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன், சொன்னதற்காக ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை. இன்றைக்கும் மயிலா பவானியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள். அந்த வீடு கல்யாண மண்டபமாகிவிட்டது, சுவரைத்தான் முதலில் இடித்தார்களாம், அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

இனி இப்போது நடந்தது. கதிர்வேலின் மகன் நிதீஷும் லோகப்பிரியாவும் பிரிந்தது உனக்குத் தெரியும், அவர்கள் மகள் சைதன்யா யாரிடம் இருப்பது என்று வழக்கு நடப்பதும் தெரியும். லோகப்பிரியாவின் அப்பாவும் ஆலை முதலாளி, இவனும் ஆலை முதலாளி, அதனால் புருஷன் பெண்டாட்டி சண்டை இரண்டு குடும்பத்து மானப் பிரச்சினையாகிவிட்டது. மாசி மாதம் ஒரு நாள் சைதன்யாவுக்குப் பிடிக்குமே என்று ஒப்புட்டு சுட்டு எடுத்துக்கொண்டு ரேஸ்கோர்ஸில் கதிர்வேல் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா மூட்டுவலி என்று காரிலேயே இருந்துகொண்டார். மாடி ஏறிப் போனால் சோபாவில் கதிர்வேலும் அவன் வக்கீல் நரசிம்மலுவும் உட்கார்ந்திருக்கிறார்கள், எதிரில் அந்த ஒன்பது வயதுக் குழந்தை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. "எங்கம்மா என்னைய பெல்ட்டால அடிச்சாங்க. எனக்கு அவங்ககூட போகப் பிடிக்கலைங்க" என்றது. "அடிச்சாங்கன்னு சொன்னதும் கொஞ்சம் நிறுத்தோணும் கண்ணு, அப்பறம் கீழ பாக்கோணும்" என்றான் கதிர்வேல். அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள், சொன்னபடி நிறுத்தினாள், கீழே பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "பெல்ட்டு என்ன கலருங் கண்ணு?" என்று கேட்டேன். குழந்தை கதிர்வேலைத் திரும்பிப் பார்த்து, "அது சொல்லித் தரலீங்களே தாத்தா" என்றது.

நான் அவள் கையைப் பிடித்தேன். "அக்கா, இது எங்க ஊட்டு விசயம், நீங்க தலையிடாதீங்க" என்று கதிர்வேல் எழுந்து வந்தான். "நான் பொறந்த ஊடும் அதுதான் கதிர்வேலு. ஆறு வயசுல உன்னைய இப்படித்தான் நிக்க வெச்சாரு அப்பா. இன்னும் நீ நின்னுக்கிட்டே இருக்கற, இப்ப பக்கத்துல இந்தப் புள்ளையையும் நிறுத்திப்போட்ட" என்றேன். அவன் திரும்பிப் போய் சோபாவில் உட்கார்ந்துகொண்டான். வக்கீல்தான், "அம்மா, இது சட்டப்படி தப்புங்க" என்றார். "தாராளமா கேஸ் போடுங்க தம்பி. கூண்டுல ஏறி, பெல்ட்டு என்ன கலருன்னு கேட்டேன், அது மட்டுந்தான் என்ற தப்புன்னு சொல்லிப்போடறேன்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு கீழே இறங்கிவிட்டேன். உன் அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை, கார்க் கதவைத் திறந்துவிட்டு, "பசிக்குதா அம்மணி?" என்று அவளிடம்தான் கேட்டார். அந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்டதற்காக அன்றைக்கும் ஒரு தடவை சந்தோஷப்பட்டேன்.

வழியிலேயே நிதீஷுக்கும் லோகப்பிரியாவுக்கும் போன் செய்தேன். "புள்ள அவிநாசியில என்ற ஊட்டுல இருப்பா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு வாங்க, சோறு போடறேன். கேஸைப் பத்தி ஒரு பேச்சு வந்தா எந்திரிச்சுப் போயிரோணும்" என்றேன். நிதீஷ் சாயங்காலமே கோபத்தோடு வந்து சேர்ந்தான். மாடியில் நான் பார்த்ததைச் சொன்னேன். அவனுக்கு அந்தப் பாடம் நடப்பதே தெரியாது. நம்பவில்லை, குழந்தையைக் கூப்பிட்டான். நான் எதுவும் கேட்க வேண்டாம் என்று கையைக் காட்டினேன், ஆனால் அவளாகவே வந்து அப்பன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் நின்ற நிலையைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனவன் நேரம் கழித்துத்தான் வந்தான். "இங்கியே இருக்கட்டுமுங்க அத்தை" என்று அவன் வாயால்தான் சொன்னான். ஆக, நான் பிள்ளை பிடித்துக்கொண்டு போனவள் என்று மாமா ஊரெல்லாம் சொல்கிறானே, பெற்றவன் சொல்லித்தான் வைத்துக்கொண்டேன் என்பதை நீ தெரிந்துகொள்.

சித்திரையில் கோர்ட்டில் ஜட்ஜம்மா குழந்தையைத் தனியாக உள்ளே அழைத்துப் பேசினார்கள். வெளியே ஒரு பெஞ்சில் கதிர்வேல் ஆட்கள், எதிர்ப் பெஞ்சில் லோகப்பிரியாவின் ஆட்கள், நானும் உன் அப்பாவும் தண்ணீர்க் குழாய் பக்கத்தில். சைதன்யா கையில் ஒரு மிட்டாயோடு வெளியே வந்தாள். உள்ளே என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். வழக்கு முடிகிற வரைக்கும் அம்மாவிடம் இருக்கட்டும், சனி ஞாயிறு அப்பாவிடம், குழந்தையை மாற்றிக்கொள்வது நம் வீட்டு வாசலில் என்று உத்தரவு. அவள் துணிமணியை எடுக்க அவிநாசிக்குத் திரும்பி வரும்போது காரில், நிதீஷ் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள், "அத்தை, இனிமே நான் எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாமுங்களா?" என்று கேட்டாள். "பள்ளிக்கூடப் பாடத்த மட்டும் பண்ணு கண்ணு" என்றேன். அதற்கு மூஞ்சியைச் சுளித்தாள் பார், உன் சின்ன வயது முகமேதான்.

இப்போது சொல், எதற்காக நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கதிர்வேல் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆறு வயதில் பிஸ்கட்டுக்கு ஒப்பித்த குழந்தை மேல் யாருக்குக் கோபம் வரும்? அவன் கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்தவள் நான், என்றைக்கும் உனக்குத் துணை என்று சபையறியச் சொன்ன சீர் அது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் மணிவிழா மண்டபத்தில் சைதன்யாவும்தானே உட்கார்ந்திருப்பாள். நான் எழுந்து நின்று தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொன்னால் அது அவள் காதில் விழும். பொய்யை நிறுத்தியவர்கள் கடைசியில் கை கட்டித்தான் நிற்க வேண்டும் என்று அந்தக் குழந்தை புரிந்துகொள்வாள். என் அப்பா வீட்டில் எனக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நான் கற்றுக்கொள்ளவில்லை. அவளுக்கும் யாரும் கற்றுக்கொடுக்க விட மாட்டேன். இதற்குப் பெயர் வீம்பு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மணிவிழாவுக்கு நமக்குப் பத்திரிகை வரவில்லை, ஆனாலும் போகிறேன். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை வைத்த பட்டு எடுத்தாயிற்று, அப்பாவுக்கும் புது வேட்டி. வாசலில் தடுக்க வேண்டுமென்றால் தடுக்கட்டும், என் தம்பிக்கு அட்சதை போட எனக்கு யார் பத்திரிகை வைக்க வேண்டும்? தலையில் போட்டு, நல்லா இரு என்று சொல்லிவிட்டு, இலையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் "அப்பாகிட்டச் சொல்லு", "அம்மாகிட்டக் கேளு" என்று குட்டியை நடுவில் நடக்க விடாதே, இது ஒன்றுதான் நான் உனக்குச் சொல்கிற புத்தி. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு. உங்கள் மூவருக்கும் நோய் நொடி இல்லாமல், மனதில் பயமில்லாமல், நீண்ட ஆயுளை அவிநாசியப்பர் கொடுக்கட்டும். மாமா மறுபடியும் போன் செய்வான். அழுதால் பொறுமையாகக் கேட்டுக்கொள், எதிர்த்துப் பேசாதே, பிறகு மரியாதையாகச் சொல்: "அம்மா கண்டிப்பா வாராங்களாமுங்க மாமா, மன்னிப்பு மட்டும் வராதாமுங்க."

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
துளசிமணி