பொன்னழகு தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனு

திண்டுக்கல்
6.7.1998

அன்புள்ள பொன்னு,

ஜெயித்துவிட்டேன். தந்தி அடிக்கலாமா என்று பார்த்தேன். தந்தி என்றாலே நீ குடியிருக்கும் வீட்டுக்காரம்மா முதலில் அழுதுவிட்டுத்தான் பிரிக்கச் சொல்வார் என்பதால் கடிதமே எழுதுகிறேன். சாணார்பட்டியில் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் இன்றைக்கு வழக்கறிஞர் சங்கத்தின் செயலாளர். மரியசெல்வம் அண்ணன் தலைவர், இசைவாணி துணைச் செயலாளர். என்னை எதிர்த்து நின்றவரே முதல் ஆளாக வந்து கட்டிப்பிடித்து, "இனிமே ஃபேன் ஓடலைன்னா உன்னையத்தான் கேப்பேன்" என்றார். ஓடாத ஃபேன் நிறைய இருக்கிறது.

சனிக்கிழமைதோறும் ஜூனியர்களுக்குக் குறுக்கு விசாரணை வகுப்பு வைக்கப்போகிறோம். பக்ருதீன் பாய் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். கிரிமினல் கேஸில் அவர் எழுந்து நின்றாலே சாட்சி கைக்குட்டையைத் தேடுவான் என்று உனக்குத் தெரியும்.

நத்தம் சுந்தரம்மாள் டீச்சர் விஷயம் நினைவில் இருக்கிறது. அவருக்குத் தொண்டிப் பக்கம் போகவேண்டும், உனக்கு இந்தப் பக்கம் வரவேண்டும். மனமொத்த மாறுதலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. இந்த வாரமே நத்தம் போய் அவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். நிலாக்குட்டிக்கு அப்பாவின் முத்தம்.

உன்
சோலைமலை

---

திருவாடானை
13.7.1998

அன்புள்ள மாமாவுக்கு,

செயலாளர் ஐயாவுக்கு மாலை போட நான் பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று ஒரு பக்கம் வருத்தம். இன்னொரு பக்கம், இருந்திருந்தால் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டே ஓய்ந்திருப்பேன் என்று சமாதானம். வகுப்பில் ஜாமெட்ரி நடத்தும்போதுகூட நடுவில் சிரித்துவிட்டேன். பிள்ளைகள் கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர் எலெக்ஷன்ல ஜெயிச்சுட்டாரு" என்றேன். எம்.எல்.ஏ. என்று நினைத்துக்கொண்டு ஒருவன் ரோடு போட்டுத் தரச் சொல்கிறான்.

இங்கே வெயில் கொளுத்துகிறது, கண்மாயில் சேறுகூட இல்லை. மீன் மட்டும் குறைவில்லை. தொண்டியிலிருந்து தினமும் வருகிறது. நீங்கள் வந்தால் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்குப் பஞ்சமிருக்காது.

சனிக்கிழமை வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே வர நீங்கள் பஸ் ஏறுவதே சனிக்கிழமைதான் என்பதை யாராவது கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்களா? சரி, விடுங்கள். ஆகஸ்ட் பதினைந்துக்கு நிலா பள்ளியில் மாறுவேடப் போட்டி. உங்கள் பழைய கறுப்புக் கோட்டைச் சுருக்கித் தைத்து வைத்திருக்கிறேன். வக்கீல் வேஷம். அப்பா பார்க்க வேண்டும் என்கிறாள்.

நத்தத்தை மறந்துவிடாதீர்கள்.

உங்கள்
பொன்னழகு

---

திண்டுக்கல்
17.8.1998

அன்புள்ள பொன்னு,

முதலில் திட்டி முடித்துவிடு, பிறகு மேலே படி.

சுதந்திர தினத்தன்று கோர்ட் ஊழியர்கள் அணிக்கும் நமக்கும் கிரிக்கெட் என்று திடீரென முடிவாகிவிட்டது. செயலாளர் இல்லாமல் எப்படி? மைதானம் கேட்டு நடந்ததும் நான்தான், பிரியாணிக்குச் சொன்னதும் நான்தான். நீயும் நிலாவும் அந்த மேட்சைப் பார்த்திருக்க வேண்டும். பக்ருதீன் பாய் மட்டையோடு இறங்கினார். பந்து காலில் பட்டது. அம்பயர் ஒரு பி.டி. மாஸ்டர், விரலைத் தூக்கிவிட்டார். பாய் நகரவில்லை. காரணம் சொல்லாத உத்தரவு செல்லாது என்று ஆரம்பித்து, சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுவரை வாதாடினார். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயா, உங்க காலு வீங்கியிருக்கே, அதுதான் சாட்சி" என்றார். பாய் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு மட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சியை அன்றைக்குத்தான் பார்த்தாராம்.

தோற்றுவிட்டோம். ஆனாலும் இரண்டு அணியும் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்து சாப்பிட்டது.

நிலாவின் மாறுவேடம் எப்படி இருந்தது? பரிசு வாங்கினாளா? நத்தத்துக்கு அடுத்த வாரம் கட்டாயம் போகிறேன்.

உன்
சோலைமலை

---

திருவாடானை
24.8.1998

அன்புள்ள மாமாவுக்கு,

பக்ருதீன் அண்ணனின் கால் கதையைப் படித்து நான் சிரித்தது உண்மைதான். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

நிலாவுக்கு இரண்டாம் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். முதல் பரிசு காந்தி வேஷத்துக்குப் போய்விட்டது, அதில் வழக்கில்லை. இவள் கோட்டுப் போட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டியைக் கட்டிக்கொண்டு, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று கணீரென்று சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். தலைமையாசிரியை மைக்கைக் கொடுத்து, "வக்கீலம்மா, உங்க அப்பாவும் வக்கீலாமே, வந்திருக்காரா?" என்று கேட்டார். "இல்ல டீச்சர், அவரு சங்கத்துல இருக்காரு" என்றாள். அதுவும் மைக்கில். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். தன் பேச்சு நன்றாக இருந்ததற்காகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எனக்குத்தான் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியவில்லை.

கோபமாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

காலாண்டு விடுமுறைக்கு அங்கே வருகிறோம். அதற்கு முன்னால் நத்தம் போய்விடுங்கள்.

உங்கள்
பொன்னழகு

---

திருவாடானை
9.11.1998

மாமாவுக்கு,

சுந்தரம்மாள் டீச்சரிடமிருந்து கார்டு வந்தது. எனக்காக இத்தனை மாதம் காத்திருந்தாராம். யாரும் வராததால் எனக்கு விருப்பமில்லை என்று நினைத்து, தொண்டியிலேயே இன்னொரு டீச்சரோடு கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அவர்மேல் குற்றமில்லை.

காலாண்டு லீவில் நாங்கள் வந்திருந்தபோது நீங்கள் குற்றாலம் டூருக்கு வேன் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். தீபாவளிக்குச் சங்கத்துக்கு இனிப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். கல்யாணமான புதிதில் உங்கள் மனுக்களை எல்லாம் கையால் நகல் எடுத்துக் கொடுத்தவள் நான், எனக்கும் எழுத வரும். இன்றைய தபாலில் மரியசெல்வம் அண்ணனுக்குப் போட்டதன் நகல் கீழே.

"தலைவர் மரியசெல்வம் அவர்கள் சமூகத்துக்கு, திருவாடானை கணித ஆசிரியை பொன்னழகு பணிவுடன் தாக்கல் செய்யும் ஆட்கொணர்வு மனு. எதிர்மனுதாரர்: தாங்கள் தலைமை வகிக்கும் சங்கம்.

மனுதாரரின் கணவர் சோலைமலை என்பவரைக் கடந்த ஜூலை மாதம் முதல் காணவில்லை. அவர் எதிர்மனுதாரர் வசம் இருப்பதாக அவருடைய கடிதங்களிலிருந்தே தெரியவருகிறது. அங்கே அவர் நல்ல உடல்நலத்துடனும் மிகுந்த மகிழ்ச்சியுடனும் இருப்பதாகவும் அறிகிறேன். அதுதான் மனுதாரருக்குக் கூடுதல் மனவேதனை. சங்கத்தின்மேல் மனுதாரருக்கு எந்த விரோதமும் இல்லை. அவர் கோர்ட்டுக்குப் போன முதல் நாள் உட்கார நாற்காலி கொடுத்தவர்கள் நீங்கள்தான். இருந்தாலும், அவருக்குச் சங்கம் தவிர ஒரு மனைவியும் ஒரு மகளும் உண்டு என்பதைக் கருத்தில்கொண்டு, மேற்படி நபரை மனுதாரர் முன் ஆஜர்படுத்த உத்தரவிட வேண்டுகிறேன்."

பொன்னழகு

---

திண்டுக்கல்
23.11.1998

அன்புள்ள பொன்னு,

உன் மனு வெள்ளிக்கிழமை பொதுக்குழுவில் விசாரணைக்கு வந்தது.

மரியசெல்வம் அண்ணன் எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரவு செலவுக் கணக்கு, கேரம் போர்டு வாங்கும் விஷயம் எல்லாம் முடிந்த பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். முதல் வரியிலேயே கூடம் அதிர்ந்தது. "மிகுந்த மகிழ்ச்சியுடனும்" என்ற இடத்தில் இசைவாணி மேசையைத் தட்டினாள். நாற்காலி கொடுத்ததைப் பற்றி வாசித்தபோது சத்தம் அடங்கிவிட்டது. அந்த நாற்காலியைக் கொடுத்தவர் பக்ருதீன் பாய்.

நான் எழுந்தேன். சிரித்துக்கொண்டுதான் எழுந்தேன், பொன்னு. என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை, என் விருப்பத்தின் பேரில்தான் இங்கே இருக்கிறேன், எனவே மனு நிலைக்கத்தக்கதல்ல என்றேன். சிலர் கை தட்டினார்கள். வாதத்தில் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

பாய் எழுந்து, மனுதாரருக்காகத் தான் ஆஜராவதாகச் சொன்னார். கோர்ட்டில் சாட்சியிடம் வருகிற மாதிரியே மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, ஆளே எந்திரிச்சு என் விருப்பத்துலதான் இருக்கேன்னு சொல்லிட்டா மனு தள்ளுபடி. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால நல்லா யோசிச்சுச் சொல்லு. யாரும் பிடிச்சு வைக்காமயா நீ பொண்டாட்டி பிள்ளையப் பாக்கப் போகாம இருந்த?"

எத்தனையோ சாட்சிகள் கூண்டில் வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாய் என்னை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கையை வைத்து உட்கார வைத்தார்.

நீங்கள் இருவரும் திருவாடானை போன பிறகு, சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போக எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் சங்க அறையிலேயே உட்கார ஆரம்பித்தேன். உட்காரப் போனவன் செயலாளராகிவிட்டேன். வீட்டைக் காலியாக வைத்ததே நான்தான் என்பது நத்தம் டீச்சரின் கார்டைப் பற்றி நீ எழுதியபோதுதான் உறைத்தது.

ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். அண்ணன் கிழித்துப் போட்டுவிட்டு, கோபித்துக்கொண்டு போகிறவன்தான் ராஜினாமா செய்வான், நீ பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போ என்றார். இனி இசைவாணி செயலாளர். சனிக்கிழமை வகுப்பு ஏற்பாடும் அவளுடையது. என் கேஸ்களைப் பாய் பார்த்துக்கொள்கிறார். விசாரணை பாதியில் நிற்கிற கொலை வழக்குக்கு மட்டும் அந்தந்த வாய்தாவுக்கு நான் வந்து போக வேண்டியிருக்கும்.

உனக்கு மாறுதல் கிடைக்கும்வரை திருவாடானைக் கோர்ட்டிலேயே தொழில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்குக் கோர்ட் மூடியதும் பெட்டியோடு வருகிறேன். ஆனால் உன்னைக் கேட்காமல் நானாக ஒரு முடிவெடுக்கிற பழக்கத்தை இத்தோடு விட வேண்டும். வரட்டுமா?

உன்
சோலைமலை

---

திருவாடானை
1.12.1998

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் பிரித்துப் பாதி படித்துவிட்டு, மிச்சத்தை யாரும் பார்க்காமல் படிக்கக் கிணற்றடிக்குப் போக வேண்டியதாயிற்று. பக்ருதீன் அண்ணனுக்கு என் வந்தனத்தைச் சொல்லுங்கள். ஃபீஸ் கேட்டால், இரண்டு கிலோ இறால் தருவதாகச் சொல்லுங்கள்.

வாருங்கள். உடனே சொல்லக் கூடாது, ஒரு வாரமாவது தவிக்க விடவேண்டும் என்றுதான் இருந்தேன். நிலா விடவில்லை. "அப்பா வாராரா இல்லையா, ஒரு பதில் எழுதும்மா" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டாள்.

நேற்று பள்ளி விட்டதும் இங்கத்துக் கோர்ட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். சின்னக் கோர்ட்தான். வேப்பமரத்தடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை, அதில் வக்கீல்கள் சிலர். சடையாண்டி என்று வயதான வக்கீல் ஒருவர், என்னைக் கட்சிக்காரர் என்று நினைத்து நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னேன். சங்கம் என்று போர்டு மட்டும் தொங்குகிறதாம். கூட்டம் போட்டு நாளாயிற்றாம், எடுத்துச் செய்ய ஆளில்லையாம். "திண்டுக்கல்ல செயலாளரா இருந்தவரா?" என்று கேட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே உள்ளே திரும்பி மற்றவர்களையும் கூப்பிட்டுவிட்டார்.

இதை உங்களுக்கு எழுதவே கூடாது என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். எழுதாவிட்டாலும் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றே நீங்களாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெட்டியோடு முதலில் வீட்டுக்கு வாருங்கள். குளித்து, சாப்பிட்டு, நிலா சொல்வதையெல்லாம் கேட்டு முடியுங்கள். மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போய் அந்தச் சங்கத்துக்காரர்களிடம் விடுகிறேன்.

உங்கள்
பொன்னழகு